பசுமலை மட்டும் வேண்டாம்

ஆறு வயது மகள் வாயைத் திறந்தாள். நைனா முகமது ராவுத்தரின் மானம் ஜட்கா ஏறிப் போய்விட்டது.

விருந்துக்கு வந்திருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருக்கும் பீர் முகமது ராவுத்தர். நைனா முகமதுவைப் பெற்ற அத்தாவே எழுந்து நின்று பேசிய மனிதர். நெய்ச்சோற்றை ஒரு கை பார்த்துவிட்டு, கூடத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். சின்னவள் ஜெயினம்பு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வழியில் கால் கிடந்தது. நின்று பார்த்தாள். பிறகு கணீரென்று சொன்னாள்:

“ஏய், நொண்டிக் கழுதைக்குப் பொறந்ததே! காலைத் தூக்குறியா, இல்ல தோலை உரிச்சுத் தொங்கவிடவா?”

பீர் முகமது ராவுத்தர் காலைத் தூக்கிக்கொண்டார். அத்தனை பெரிய உடம்பு அத்தனை வேகமாக மடங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை. குழந்தை நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக் டொக்’ என்று ஒரு சத்தம் எழுப்பிவிட்டு, சொம்பை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய்விட்டாள்.

நைனா முகமது விசிறியை எடுத்துப் பெரியவருக்கு வீசத் தொடங்கினார்.

“நாப்பது வருஷமா தோல் வியாபாரம் பண்றேன் தம்பி,” என்றார் பெரியவர், சுண்ணாம்பை வேட்டியில் துடைத்தபடி. “ஏந் தோலுக்கு வெலை பேசுன மொத ஆளு ஒங்க மகதான்.”

குழந்தையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வீடு சிம்மக்கல்லுக்குப் பின்னால் ஒரு சந்தில். சன்னலுக்கு நேர் எதிரே ஜட்கா ஸ்டாண்டு. ஒன்பது ஜட்கா, ஒன்பது குதிரை, ஒன்பது வாய். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை குதிரைகளுக்கு நடக்கும் அர்ச்சனை முழுதும் கூடத்துக்குள் வந்து விழும். நைனா முகமதுவுக்குப் பூட்டும் டிரங்குப்பெட்டியும் விற்கிற தொழில். மதுரையில் பாதி வீட்டுக்கு அவர் கடைப் பூட்டுத்தான். சொந்த மகள் வாய்க்குப் போட ஒரு பூட்டு அவர் கடையில் இல்லை.

விருந்தாளியை ரயில் ஏற்றிவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

“மைதீனு! நாம வீடு மாத்தப் போறோம்.”

மனைவி மைதீன் பீவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“எங்க?”

“டவுனுக்கு வெளியே. புள்ளைங்க வளர்ற மாதிரி ஒரு நல்ல எடம். நல்ல காத்து, நல்ல தண்ணி, நல்ல சனம். காலையில கெளம்புனா ஒம்போது மணிக்குள்ள நான் கடையைத் தொறக்கணும். அம்புட்டுத்தான்.”

“நல்லதுதான். நானுங்கூட ஒரு எடம்...”

“பேசாத!” கையை உயர்த்தினார். “இந்த விஷயத்துல ஒம் பேச்சு எடுபடாது. என்ன கொழம்புன்னு நீ முடிவு பண்ணு. எந்த ஊர்ல கொழம்புன்னு நான் முடிவு பண்றேன். நீ வாசப்படி தாண்டாதவ. ஒனக்கு ஊரைப் பத்தி என்ன தெரியும்?”

மைதீன் பீவி மீனைப் பார்த்தாள். மீனும் அவளைப் பார்த்தது.

“சரிங்க,” என்றாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் எதையும் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டதில்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் காளவாசலுக்குப் புறப்பட்டார். ஸ்டாண்டில் மலைச்சாமி வண்டிதான் முன்னால் நின்றது. மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த குருவே அவன்தான். ஆனாலும் வாடகைக்குப் பேரம் பேசாமல் வருகிறவனும் அவன் ஒருவன்தான்.

காளவாசலில் பார்த்த வீடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. கிழக்குப் பார்த்த வாசல். சுற்றிலும் வெட்டவெளி. கடைக்குப் பொடிநடையாகவே வந்துவிடலாம். திரும்பி வந்து கைகால் கழுவும்போதே விவரம் சொன்னார்.

மைதீன் பீவி துண்டை நீட்டினாள். “காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சு?”

“காத்தா? அது பாட்டுக்கு அடிச்சுச்சு.”

“மேக்க இருந்து அடிக்கும்போது செங்கல் சூளைப் புகை மொத்தமும் அந்த வீட்டுக்குள்ளதான் வருமாம். காலையில வெள்ளைத் துப்பட்டியத் தொவைச்சுக் காயப்போட்டா சாயங்காலம் கறுப்பாயிருமாம். நமக்குப் பரவாயில்ல. ஒங்க வேட்டி?”

அவருடைய வேட்டி வெளுப்பு ஊரறிந்தது. துடைத்த துண்டு தோளிலேயே நின்றுவிட்டது.

“ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரோ சொன்னாக.”

இரண்டாவது வெள்ளிக்கிழமை சிலைமான். ரயிலில் போனார். ஆற்றோரம், தென்னந்தோப்பு, ஓட்டு வீடு. வீட்டுக்காரர் ஆளை மரம் ஏறச் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார். நைனா முகமது மூன்று குடித்தார். தேன் மாதிரி இருந்தது. தண்ணீர் விஷயம் முடிந்தது என்று சந்தோஷமாகத் திரும்பினார்.

“தண்ணி எப்படிங்க?” என்றாள் மைதீன் பீவி.

“தேனு!”

“கெணத்துத் தண்ணி குடிச்சீங்களா?”

“எளநி குடிச்சேன்.”

“எளநியிலயா பருப்பு வேக வைக்கிறது? அந்த வீட்டுக் கெணறு உப்பு. பருப்பைக் காலையில போட்டா ராத்திரி தொழுகைக்குத்தான் மலருமாம். வீட்டுக்காரம்மா நல்ல தண்ணிக்கு மூணு தெரு தாண்டிப் போயிட்டு வாரா.”

 அவர் நேரில் போய், நடந்து, தொட்டு, மூன்று இளநீர் குடித்துவிட்டு வந்த ஊர். இவள் சந்து முனையைத் தாண்டாதவள். தாண்டினாலும் துப்பட்டிக்குள், திரை போட்ட வண்டிக்குள். அந்தக் கிணற்று உப்பு இவள் நாக்குக்கு எப்படி எட்டியது?

மூன்றாவது வெள்ளிக்கிழமை சமயநல்லூர். இந்த முறை அவர் ஏமாறத் தயாராக இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்தார். கிணற்றில் வாளி விட்டு இரைத்து, இரண்டு செம்பு குடித்து, வயிறு குலுங்க வந்து சேர்ந்தார்.

“காத்து தென்காத்து. தண்ணி சக்கரை. கேளு, இன்னும் என்ன கேக்கணுமோ கேளு!”

“எதிர் வீட்டுல யாரு?”

“எதிர்ல வீடே இல்ல. ஒரு கொட்டகை. அடைச்சுக் கெடந்துச்சு.”

“எத்தனை மணிக்குப் பாத்தீங்க?”

“ரெண்டரை இருக்கும்.”

“கள்ளுக்கடை அஞ்சு மணிக்குத்தாங்க தொறக்கும்.”

நைனா முகமது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜட்காக்காரன் குதிரையைத் திட்டுவதற்கே மகள் இந்த அழகு. கள்ளுக்கடைக்கு எதிரே குடிவைத்தால், அடுத்த விருந்தாளி உயிரோடு ஊர் போய்ச் சேருவாரா?

“ஒன்கிட்ட யாரு இதெல்லாம் வந்து சொல்றா? ஜின்னு ஏதாச்சும் வச்சிருக்கியா?”

“ஜின்னு எதுக்குங்க? மோர்க்காரி இருளாயி வாரா. வெறகுக்காரி வாரா. கீரைக்காரி வாரா. ஆளுக்கொரு ஊரு. மோரை ஊத்துற நேரத்துல ரெண்டு வார்த்தை பேசுறது. நீங்க ஊரை ஊராப் போய்ப் பாக்குறீங்க. ஊரே இங்க வந்துட்டுப் போகுது.”

அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. விடியவும் எழுந்து மலைச்சாமி வண்டியில் ஏறினார்.

“மலைச்சாமி, எனக்கு ஒரு எடம் சொல்லு. ஏம் பொண்டாட்டிக்குத் தெரியாத எடமா சொல்லு.”

மலைச்சாமி தலையைச் சொறிந்தான். “எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன் மொதலாளி. பசுமலைக்கு மட்டும் வரமாட்டேன்.”

“ஏன், பசுமலைக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லீங்க. நல்ல ஊருதான். ஆனா அம்மா உத்தரவு. ‘அவுக எந்த ஊரு கேட்டாலும் கூட்டிட்டுப் போ, பசுமலைப் பேச்சை மட்டும் எடுத்துறாத’ன்னு இருளாயிகிட்டச் சொல்லிவிட்டாக. நான் எடுக்கலீங்க. வரமாட்டேன்னுதானே சொன்னேன்.”

நைனா முகமது வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலை மேல்கட்டில் இடித்தது. வலி தெரியவில்லை. கிடைத்துவிட்டது! இந்த உலகத்தில் மைதீன் பீவி பயப்படுகிற ஒரு இடம்!

அன்று மத்தியானச் சாப்பாட்டில் மெதுவாகத் தூண்டில் போட்டார்.

“பசுமலைப் பக்கம் பாக்கலாம்னு இருக்கேன்.”

மைதீன் பீவியின் கையிலிருந்து அகப்பை நழுவியது.

“ஐயோ, அது மட்டும் வேணாங்க!”

“ஏன்?”

“அது... மலைக்காத்து எனக்கு ஆகாது.”

“பசுமலை என்ன இமயமலையா? ரெண்டு பாறை. அதுல என்ன காத்து?”

“அங்கிட்டு அம்புட்டும் படிச்ச சனம். பேச்செல்லாம் வாங்க போங்கன்னு இருக்கும். நமக்குச் சரிப்படாதுங்க. ஒங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன், வேற எங்கயாச்சும் பாருங்க.”

பதினோரு வருஷத்தில் அவள் கெஞ்சி அவர் கேட்டது அன்றுதான். அந்தக் குழம்பு மாதிரி ருசியான குழம்பை அவர் அதற்கு முன்பு சாப்பிட்டதே இல்லை. இரண்டு தடவை சோறு வாங்கினார்.

“முடிவு பண்ணியாச்சு. பசுமலைதான்!”

பசுமலையில், சாலையிலிருந்து கூப்பிடுதூரத்தில், ஒரு வேம்பும் அதன் கீழே இரண்டு ஓட்டு வீடும் இருந்தன. ஒன்றில் வீட்டுக்காரி சுந்தரம்மாள் குடியிருந்தாள். பக்கத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இன்னொன்று காலி. நைனா முகமது விரலை நனைத்துக் காற்றைப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார். எதிரே என்ன என்று பார்த்தார், கொய்யாத் தோட்டம். அதை மாலை ஐந்து மணிவரை காத்திருந்தும் பார்த்தார். அப்போதும் கொய்யாத் தோட்டமாகவே இருந்தது. திருமங்கலத்திலிருந்து வருகிற பஸ் எட்டேகாலுக்குச் சாலையில் நின்று போகும் என்றார்கள்.

“நம்ம தெருவுல சத்தம் போட்டுப் பேசுற ஆளு இல்லீங்க,” என்றாள் சுந்தரம்மாள். அவள் வளர்த்த சேவல்கூட ஒருமுறை கூவிவிட்டு, யாருக்கும் இடைஞ்சல் வேண்டாம் என்பது போல நிறுத்திக்கொண்டது.

நைனா முகமது மயங்கிவிட்டார்.

சுந்தரம்மாள் இரண்டு காகிதம் கொண்டுவந்தாள். “இது வீட்டுக்கு. இது பிள்ளைங்களுக்கு. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

மூக்குக்கண்ணாடி கடையில் இருந்தது. படித்த பெண்பிள்ளை முன்னால் அதைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கம். காகிதத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, தலையை இரண்டு முறை ஆட்டி, குடியிருக்கப்போகிறவர்கள் பேரைக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று தனக்குத் தானே முடிவு செய்துகொண்டு, மகள்கள் ரோஷன், ஜெயினம்பு இருவருடைய பேரையும் வயதையும் சொல்லி எழுதச் செய்து, இரண்டிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை இரண்டு மாட்டுவண்டியில் சாமான் ஏறியது. மைதீன் பீவி துப்பட்டிக்குள் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். வண்டி குலுங்கக் குலுங்கத் தேம்பல் பெரிதாயிற்று. நைனா முகமது முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே வந்தார்.

“அழுகாத. போகப் போகப் பழகிரும்.”

வண்டி நின்றதும் சுந்தரம்மாள் ஓடி வந்தாள்.

“வாங்க, மைதீன் பீவி! நீங்க சொல்லிவிட்டபடியே எல்லாம் செஞ்சு வச்சிட்டேன். அளவு சரியான்னு பாருங்க.”

வெற்றிலை அவர் தொண்டையில் நின்றது.

உள்ளே போனார். அடுப்பு மேடை புதிதாகக் கட்டியிருந்தது, மைதீன் பீவியின் இடுப்பு உயரத்துக்கு, ஒரு விரல்கடை கூடவோ குறையவோ இல்லாமல். கொல்லைக்கு ஓடினார். கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தது. பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் தண்ணீர் இரைக்க மறைப்பு வேண்டுமே என்பது அந்த நிமிஷம் வரை அவர் புத்தியில் தோன்றவே இல்லை.

“இதெல்லாம் யாரு சொன்னது?”

“இருளாயி ஒரு கயிறு கொண்டுவந்து கொடுத்துச்சுங்களே,” என்றாள் சுந்தரம்மாள். “மொத முடிச்சு அடுப்புக்கு, ரெண்டாவது முடிச்சு தட்டிக்கு. மூணு மாசம் ஆச்சு. ‘வேற யாருக்கும் வீட்டை விட்டுறாதீங்க, எங்க வீட்டுக்காரர் வருவாரு, கொஞ்சம் சுத்திட்டுத்தான் வருவாரு’ன்னு ஒங்க வீட்டம்மா சொல்லிவிட்டாங்க. நீங்களும் வந்துட்டீங்க.”

மூன்று மாசம்! தோல் மண்டிக்காரர் காலைத் தூக்குவதற்கு எத்தனையோ நாள் முன்பே! நைனா முகமது கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். துப்பட்டிக்குள் தேம்பல் நின்றிருந்தது. கூர்ந்து கேட்டபோதுதான், வழி முழுக்க வண்டியில் குலுங்கியது தேம்பலா சிரிப்பா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

வாளியை இறக்கித் தண்ணீர் இரைத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். வாய் காலியாக இருந்தால் என்ன வருமோ என்று அவருக்கே பயம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் ரோஷனும் ஜெயினம்புவும் எண்ணெய் வழித்துத் தலை சீவி, முக்காடு போட்டு, கையில் ஆளுக்கொரு சிலேட்டோடு நின்றார்கள்.

“எங்க கெளம்பிட்டாக?”

“பள்ளிக்கூடத்துக்கு,” என்றாள் மைதீன் பீவி.

“பள்ளிக்கூடமா! பொம்பளப் புள்ளைக்கா! நம்ம குடும்பத்துல எவளாச்சும் போயிருக்காளா? யாரைக் கேட்டுச் சேத்த?”

“ஒங்களைக் கேட்டுத்தாங்க. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. டீச்சரம்மா காட்டுனாக. நல்ல கையெழுத்துன்னாக.”

அப்போதுதான் அந்த இரண்டாவது காகிதம் அவர் கண்முன் வந்து நின்றது. ‘இது பிள்ளைங்களுக்கு.’ கையெட்டும் தூரத்தில் பிடித்துத் தலையாட்டிய காகிதம். தெருவே கேட்கும்படி கத்த வாயெடுத்தார். பக்கத்து வீட்டுச் சேவல் திரும்பி அவரைப் பார்த்தது. குரலை இறக்கிக்கொண்டார்.

“எனக்குத் தெரியாம... இப்படி... ஏன் புள்ள?”

மைதீன் பீவி சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சொன்னா விட்டுருப்பீங்களா? நானும் ஒரு எடம்னு ஆரம்பிச்சேன். பேசாதன்னுட்டீங்க.” ஜெயினம்புவின் முக்காட்டைச் சரிசெய்தாள். “எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாது. ஒங்க கடைக்கு மேல ஒரு பலகை தொங்குதுல்ல? பதினோரு வருஷமா வண்டித் திரையை வெலக்கி அதைப் பாத்துக்கிட்டே போறேன். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. எம் மகளுக தெரிஞ்சுக்கட்டும். நல்ல காத்தும் நல்ல தண்ணியும் மாடு வளர்க்கப் போதும். புள்ள வளர்க்க எடம் பாக்கணும்னா, பள்ளிக்கூடம் எங்க இருக்குன்னு மொதல்ல பாக்கணும்.”

எட்டேகால் பஸ் சாலையில் ஊதியது. நைனா முகமது நகரவில்லை. பலகையில் அவர் பேருக்குக் கீழே அவளுடைய பேரையும் சேர்த்து ‘மைதீன் டிரங்குப்பெட்டிக் கடை’ என்றுதான் எழுதியிருந்தது. கல்யாணமான வருஷம் வைத்த பெயர். தெரிந்திருக்கும் என்று நினைத்து இதுவரை அவர் சொன்னதே இல்லை.

அன்றைக்குக் கடையைப் பத்தரைக்குத்தான் திறந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம்வரை அவரே கூட்டிப் போய் விட்டுவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது.

நாலு மாசம் போயிற்று. ரோஷன் அம்மாவுக்கு ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுத்தாள். ஜெயினம்பு ‘தயவுசெய்து’ என்று ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு அதை ஆட்டுக்குட்டியிடம்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடைக்கு வருகிறவர்களிடம் நைனா முகமது, “பசுமலையா? நாந்தான் பாத்துப் பாத்து முடிவு பண்ணேன். அவ வேணவே வேணாம்னா,” என்று சொல்லப் பழகியிருந்தார். சொல்லும்போது மலைச்சாமி பக்கத்தில் இல்லாதபடி மட்டும் பார்த்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை அவர் பஸ்ஸுக்குப் புறப்படும்போது மைதீன் பீவி வாசலுக்கு வந்தாள்.

“இந்தாங்க, ஒண்ணு சொல்லணும். அடுத்த வீட்டுல வாங்கியிருக்காகன்னு நீங்களும் ஒரு தையல் மெஷினைத் தூக்கிட்டு வந்துறாதீங்க. எனக்கு அந்தக் கடகடச் சத்தமே ஆகாது.”

நைனா முகமது சட்டென்று திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் மூக்குக்கண்ணாடி கடையில்தான் இருந்தது.

பஸ் முழுக்க யோசித்தார். கடையில் யோசித்தார். சாயங்காலம் மெஷின் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று யோசித்தார். வாங்கினால் அவள் நினைத்தது நடக்கும். வாங்காவிட்டால் அவள் சொன்னது நடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நைனா முகமது ராவுத்தர் என்று ஒரு ஆள் நிற்க இடமே இல்லை.

பஸ் கூரையிலிருந்து மெஷினை இறக்கி வீட்டுக்குள் வைத்தபோது, “ஐயையோ, வேணாம்னுதானே சொன்னேன்!” என்று அலறிக்கொண்டே வந்த மைதீன் பீவியின் கையில், ஊசி கோத்த நூல்கண்டு தயாராக இருந்தது.